டிரம் ராக்கு சூளையில் 1220 டிகிரி போகலாமா? டம்ளர் சுட வழி கேட்கிறேன்

மண்கை:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே கடலோர ஊர் ஒன்றில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ராக்கு மட்டும்தான், அதாவது கிளேஸ் (மண்மேல் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) உருகியதும் பாத்திரத்தைச் செஞ்சூட்டிலேயே வெளியே எடுக்கிற முறை. சூளை நானே கட்டியது. 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை முக்கால் உயரத்துக்கு அறுத்து, உள்ளே ஒரு அங்குல செராமிக் ஃபைபர் கம்பளியை ஒரே சுற்று சுற்றி, நிக்ரோம் கம்பியில் கோத்த பீங்கான் பொத்தான்களால் பிடித்து வைத்திருக்கிறேன். கம்பளி 1260 கிரேடு, அடர்த்தி கனமீட்டருக்கு 128 கிலோ. கீழே தீச்செங்கல் மேடை, பக்கத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு பர்னர், 19 கிலோ சிலிண்டர். டிரம்மைக் கப்பியில் தூக்கினால் கிண்ணங்கள் மேடைமேல் செக்கச்செவேலென்று நிற்கும். முதல் சூட்டுக்கு ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஒரே காலையில் ஆறு தடவை சுட்டிருக்கிறேன். இந்தச் சூளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்போது ஒரு காப்பிக் கடைக்காரர் 40 டம்ளர் கேட்கிறார். என் ராக்கு கிண்ணங்களைப் பார்த்து மயங்கித்தான் கேட்டார். ராக்கு பாத்திரம் தண்ணீரை உறிஞ்சும், கிளேஸ் முழுக்க நுண்வெடிப்பு, தினமும் காப்பி ஊற்றிக் கழுவுகிற பொருள் இல்லை என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் உறிஞ்சாததாகச் செய்து கொடுங்கள்" என்றார். அதனால் கோன் 6 (கோன் என்பது வேக்காடு போதுமானதும் வளைந்து சாயும் சின்னக் கூம்பு) அளவில் கல்போல் கெட்டிப்படும் ஸ்டோன்வேர் மண்ணும் அதற்கான வெள்ளை கிளேஸும் வாங்கி, 12 டம்ளர் வனைந்து, போன வெள்ளிக்கிழமை இதே டிரம்மில் ஏற்றினேன்.

1000 டிகிரி 50 நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1150 வந்தபோது சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது, தீயும் சோர்ந்துவிட்டது. வேறு சிலிண்டர் மாற்றினேன். 2 மணி 40 நிமிடத்தில் மீட்டர் 1221 காட்டியது. உடனே நிறுத்தினேன்.

ராத்திரி பதினொரு மணி வாக்கில் பட்டறையிலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. காலையில் திறந்தால் இரண்டு டம்ளர் விளிம்பிலிருந்து அடிவரை கோடு போட்டது போல் விரிசல் விட்டிருந்தது. கிளேஸ் உருகியும் உருகாமலும் ஊசிக்குத்து ஊசிக்குத்தாக நின்றது. நடுவில் வைத்த கோன் 5 தலை கவிழ்ந்திருந்தது. பக்கத்திலேயே கோன் 6 வைத்தபடி நிமிர்ந்து நின்றது. மீட்டரில் 1221 பார்த்தேனே, பிறகு எப்படி?

இன்னொன்று: கம்பளியின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் என் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடத்துக்கு நேர் வெளியே டிரம் தகடு மேலிருந்து கீழ்வரை நீலம் பாரித்துக் கிடக்கிறது. ஒரு பொத்தான் கழன்று டம்ளருக்குள் விழுந்து கிளேஸில் ஒட்டிக்கொண்டது.

கம்பளிப் பெட்டியில் 1260 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. இரண்டு அடுக்கு போட்டால் சரியாகுமா? இல்லை, இந்தச் சூளை ராக்குக்கு மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெருப்புக்கிழவர்:

தங்கச்சி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 1260. அது கம்பளியின் வகைப் பெயர். ஆய்வுக்கூடத்தில் அந்தச் சூட்டில் 24 மணி நேரம் வைத்தால் இத்தனை சதவீதத்துக்குள் சுருங்கும் என்று வகை பிரித்திருக்கிறார்கள். சுருங்கும் என்பதை அவர்களே ஒத்துக்கொண்டு போட்ட எண் அது. தினசரி வேலைக்கு அதிலிருந்து 100 டிகிரியாவது கழித்துக்கொள்ள வேண்டும். உன் டிரம்மின் உள்சுற்று ஏறக்குறைய 1.8 மீட்டர். ஒரே ஒரு சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட 2 செ.மீ. அதுதான் உன் விரல் நுழைந்த இடைவெளி. பர்னர் தீ நேராக அடிக்கும் இடத்தில் மீட்டர் காட்டுவதைவிட அதிகச் சூடு இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்.

அடுத்து கோன். உலை கொதித்தவுடன் சோறு வெந்துவிடுமா? அதே கதைதான். மீட்டர் அந்த நொடியின் சூட்டைச் சொல்கிறது. மண்ணும் கிளேஸும் எவ்வளவு வெந்தன என்று கோன் சொல்கிறது. ஆர்ட்டன் கம்பெனியின் பெரிய கோன் 6, மணிக்கு 60 டிகிரி ஏறினால் 1222-ல் சாயும். அதையே மணிக்கு 150 டிகிரி வேகத்தில் ஏற்றினால் 1243 வரை சாயாது. ஊசிக்குத்துக்கும் அதே அவசரம்தான் காரணமாக இருக்கும். மண்ணிலிருந்து வெளியேறும் வாயு கிளேஸைத் துளைத்துக்கொண்டு வரும். அந்தத் துளை உருகி மூட நேரம் வேண்டும். அதை நீ கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, மீட்டருக்குச் சூட்டை உணர்ந்து சொல்கிற கே டைப் தெர்மோகப்பிளுக்கு 1200-க்கு மேல் கடைசிப் படிக்கட்டு. அங்கே அடிக்கடி நின்றால் அது பொய் சொல்லத் தொடங்கும். 1000-க்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மூன்றாவதுதான் முக்கியம். நீ சூளை எவ்வளவு ஏறும் என்று கேட்கிறாய். எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று கேட்க வேண்டும். உன் கம்பளிச் சுவருக்கு எடை கிடையாது, சூட்டைச் சேர்த்து வைக்காது. அதனால்தான் அரை மணி நேரத்தில் ராக்கு சுட முடிகிறது. பர்னரை நிறுத்தினால் அதே வேகத்தில் கொட்டிவிடும். களிமண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று சுருங்கும். ராக்கு மண்ணில் பொடித்த சுட்டமண் நிறையக் கலந்திருக்கிறது, முழுக்கக் கெட்டிப்படவும் இல்லை. அது அந்த உதறலைத் தாங்கும். உன் ஸ்டோன்வேர் டம்ளர் கல்போல் கெட்டிப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் 500, மறுபக்கம் 600 என்று இருந்தால் பிளந்துவிடும். நீ ராத்திரி கேட்ட சத்தம் அதுதான்.

ராக்கு என்றாலே குறைந்த சூடு என்று நினைப்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் சோஜிரோ தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவுக்காகக் கிண்ணம் செய்தபோது, கறுப்புக் கிண்ணத்தைச் சிவப்புக் கிண்ணத்தைவிட மிக அதிகச் சூட்டில்தான் சுட்டார். கரி அடுப்பு, துருத்தி, ஒரு நேரத்துக்கு ஒரே கிண்ணம். கிளேஸ் உருகியதும் இடுக்கியால் வெளியே எடுத்தார்கள். இடுக்கி பிடித்த தடம் இன்றும் அந்தக் கிண்ணங்களில் தெரியும். அதையும் கெட்டிப்பட விடவில்லை. கையில் வைத்தால் தேநீரின் சூடு இதமாக வர வேண்டும் என்பதுதான் நோக்கம். மரத்தூளில் போட்டுப் புகைப்பது அங்கே கிடையாது. அது 1960-ல் கலிபோர்னியாவில் பால் சோல்ட்னர் ஆரம்பித்தது.

சரி, உனக்கு என் பதில்: 40 டம்ளருக்காக அந்த டிரம்மை வதைக்காதே. ஸ்டோன்வேர் வேண்டுமென்றால் 26 கிரேடு இன்சுலேஷன் செங்கலில் தனிச் சூளை கட்டு. உங்கள் பக்கம் அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்தக் கடற்கரை முழுக்க ஸ்டோன்வேர் தெரிந்த கைகள்தான்.

கப்பன்பார்க்சக்கரம்:

பெரியவர் சொன்னதில் பாதிக்கு மறுப்பு உண்டு. நான் பெங்களூரு. என் டிரம் சூளையில் கோன் 6 ஒழுங்காக வருகிறது, ஒரு வருடமாகச் சுடுகிறேன். ஆனால் அது இப்போது வேறு சூளை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு அங்குலம் கம்பளி. தீ படும் பக்கம் 1425 கிரேடு, தகட்டுப் பக்கம் 1260. இரண்டின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் எதிரெதிரே வைத்தேன். முனைகளை முட்ட வைக்காமல், சுற்றளவைவிட நாலு விரல் அதிகமாக வெட்டி அமுக்கித் திணித்தேன். சுருங்கினாலும் இடைவெளி விழாது. 19 கிலோ சிலிண்டர் இரண்டைச் சேர்த்து இணைத்திருக்கிறேன். ஒரே சிலிண்டரில் வேகமாக வாயு எடுத்தால் உள்ளே திரவம் குளிர்ந்து அழுத்தம் விழும், அக்காவுக்கு வந்த பனி அதுதான். இரண்டிலிருந்து பாதிப் பாதி எடுத்தால் வராது. சாதாரணத் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் சிலிண்டரை நிறுத்தினாலும் பலன் உண்டு. தயவுசெய்து யாரும் வெந்நீர் ஊற்ற வேண்டாம்.

மொத்தம் ஐந்து, ஆறு மணி நேரம். கோன் சாய்ந்த பிறகு பர்னரை நிறுத்தாமல், 1000 வரும்வரை சின்னத் தீயோடு இறக்குகிறேன். பிறகு புகைப்போக்கியையும் பர்னர் ஓட்டையையும் கம்பளித் துண்டால் அடைத்துவிட்டு மறுநாள்தான் திறப்பேன். பிளவு வரவில்லை.

குறை என்னவென்றால், இடம் சுருங்கிவிட்டது. ஒரு தடவைக்கு எட்டு, ஒன்பது டம்ளர்தான். 40 டம்ளருக்கு ஐந்து சூடு, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோவுக்கு மேல் வாயு. கணக்குப் போட்டுப் பாருங்கள் அக்கா.

நெருப்புக்கிழவர்:

தம்பி செய்திருப்பது சரியான வேலை. அமுக்கித் திணிக்கும் விஷயத்தை நான் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் அந்த இரண்டு அங்குலச் சூளையைக் கப்பியில் தூக்கிப் பார்த்தாயா? கனம் கூடியிருக்கும். ஒவ்வொரு தூக்கலிலும் 1425 கம்பளி உதிரும். ஒரு தடவை உச்சச் சூடு பார்த்த கம்பளி பப்படம் மாதிரி நொறுங்கும். ராக்குக்கும் ஸ்டோன்வேருக்கும் ஒரே டிரம் என்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

வேளார்வீட்டுப்பெண்:

எல்லோரும் மேலே பார்த்தே பேசுகிறீர்கள். கீழே பாருங்களேன்! 1000 டிகிரிக்குள் அந்த டிரம் செய்கிற வேலையை வேறு எந்தச் சூளையும் செய்யாது.

எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஐயனார் குதிரை சுட்டவர். வைக்கோல், விராட்டி, மேலே சேற்றுப் பூச்சு. மீட்டர் கிடையாது, புகையின் நிறம்தான் கணக்கு. "கறுப்புப் புகை நின்னு கானல் மாதிரி நெளிஞ்சா, அப்புறம் தீயைக் கூட்டு" என்பார். எனக்கு ராக்கு சூளை வந்த பிறகும் அந்தக் கண்தான் உதவுகிறது.

அக்கா, உங்கள் டிரம்மில் முதலில் பிஸ்க் (கிளேஸ் போடுவதற்கு முந்தைய முதல் சூடு) சுட்டுப் பாருங்கள். ராக்கு பர்னர் எவ்வளவு குறைத்தாலும் பிஸ்கின் தொடக்கத்துக்கு அதிகம், சுடாத பச்சைப் பாத்திரம் வெடிக்கும். அதனால் வீட்டு அடுப்பு பர்னர் அளவுக்குச் சின்னதாக இன்னொன்று வைத்து, டிரம்மை ஒரு செங்கல் உயரம் தூக்கிவிட்டு, மூன்று மணி நேரம் சும்மா வாட்டுங்கள். புகைப்போக்கியின் மேல் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினால் ஆவி படியும். படியாமல் தெளிவாக இருந்தால் ஈரம் போய்விட்டது. அதற்குப் பிறகு டிரம்மை இறக்கிப் பெரிய பர்னர். 950-ல் நிறுத்தலாம். ஆடிக் காற்றில் மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாது. காற்று வரும் திசையில் தகரம் நிறுத்தினாலும் எனக்கு நாலில் ஒன்று கோணிவிடுகிறது.

அப்புறம் புகைச் சித்திரங்கள். குதிரை வால் மயிருக்கு 650-லிருந்து 700. கிளேஸ் போடாமல் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கிய குடுவையை வெளியே எடுத்து, மயிரை ஒவ்வொன்றாக விட வேண்டும். சூடு அதிகமிருந்தால் மயிர் தடமே விடாமல் எரிந்து போகும். குறைந்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு அசிங்கமாகிவிடும். நடுவில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். மயிர் விழுந்த இடத்தில் சுருண்டு, வேர் ஓடுவது போலக் கறுப்புக் கோடு பாயும். நான் கோழி இறகும் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுத்தண்டு தடிமனாகவும் ஓரம் சாம்பல் நிழலாகவும் அப்படியே பதிந்தது.

நேக்கட் ராக்குக்கு 850, 900. பாத்திரத்தின்மேல் சேறு, சேற்றின்மேல் கிளேஸ். புகைத்துத் தண்ணீர் தெளித்தால் இரண்டும் முட்டை ஓடு மாதிரி உரிந்து வரும். வெடிப்பு இருந்த இடமெல்லாம் புகைக் கோடு நிற்கும். இதில் 950-ஐத் தாண்டினேன், சேறு பாத்திரத்தோடு பிடித்துக்கொண்டது. கத்தியால் சுரண்டியும் வரவில்லை. ஆகவே மேல் எல்லை என்பது கம்பளிக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது ஓப்வாரா. கிழக்கு ஐரோப்பிய முறை. மைதா, சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர் கலந்து மூன்று நாள் புளிக்க வைக்க வேண்டும். நம் வெயிலுக்கு இரண்டாம் நாளே ஆப்ப மாவு மாதிரி பொங்கும். 900-ல் எடுத்த பாத்திரத்தை அதில் முக்கி எடுத்தவுடன் கண்ணெதிரே மாவு கருகிப் புள்ளி புள்ளியாக நிறம் மாறும், பொன்னிறம், தேன் நிறம், காப்பி நிறம். விரும்பிய நிறம் வந்த நொடியில் தண்ணீரில் முக்கி நிறுத்த வேண்டும். பட்டறை முழுக்க ரொட்டி வாசனை.

பஞ்சுமுகமூடி:

ஒன்றே ஒன்று சொல்லிப் போகிறேன், இதைத் தள்ளிவிடாதீர்கள். 1200 பார்த்த பழைய கம்பளியைப் பிய்க்கும்போது கவனம். அதிகச் சூட்டில் அந்த இழைகளுக்குள் கிரிஸ்டபலைட் என்ற படிகச் சிலிக்கா உண்டாகிறது. அது மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற என்95, அதைவிட மேலான பி100 முகமூடி போடுங்கள். கம்பளியை ஸ்ப்ரேயரால் நனைத்துவிட்டுப் பிய்த்து, இரண்டு பாலித்தீன் பையில் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது.

மண்கை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நெருப்புக்கிழவர் ஐயா சொன்னபடி டிரம்மை வதைக்கவில்லை. பழைய கம்பளியை நனைத்துப் பிய்த்தேன். ஐயா சொன்ன பப்படம் சரியான உவமை, கை வைத்த இடமெல்லாம் நொறுங்கியது. தம்பி சொன்னபடி புதிய கம்பளியை நாலு விரல் அதிகம் வெட்டித் திணித்தேன். அடுக்கு ஒன்றுதான், 1260 கிரேடுதான். இனி 1050-ஐத் தாண்ட மாட்டேன் என்று டிரம்மின்மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

40 டம்ளருக்கும் உடைவுக்குமாகச் சேர்த்து 46 வனைந்தேன். பிஸ்க் முழுவதும் என் டிரம்மில், நாலு தடவையாக. கண்ணாடித் துண்டு வித்தை அருமை. முதல் இரண்டு மணி நேரம் கண்ணாடி வெளுத்துக்கொண்டே இருந்தது. தெளிந்த பிறகு பெரிய பர்னரைத் திறந்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. பிறகு செங்கல் சூளை வைத்திருக்கிற தோழி ஒருவரிடம் சூளைத் தட்டுக்கு வாடகை கொடுத்து கோன் 6 சுட்டோம். ஏற்ற ஒன்பது மணி நேரம், ஆற ஒன்றரை நாள். அவசரப்பட்டுத் திறக்கப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். 43 நன்றாக வந்தன. இரண்டு அடியில் தட்டோடு ஒட்டிக்கொண்டன, ஒன்றில் கைரேகை அளவுக்குக் கிளேஸ் இல்லை.

உறிஞ்சுதலைச் சமையலறைத் தராசில் பார்த்தேன். கிளேஸ் போடாமல் கூடவே சுட்ட துண்டு ஒன்று, உலர்ந்த எடை 231 கிராம். இரண்டு மணி நேரம் வேகவைத்து, ஒரு ராத்திரி தண்ணீரிலேயே விட்டு, துடைத்து நிறுத்தால் 234. அதே மாதிரி என் ராக்கு மண் துண்டு 212-லிருந்து 239 ஆனது. எடை எழுதிய இரண்டு சீட்டையும் காப்பிக் கடைக்காரரிடம் காட்டினேன். அவருக்கு இப்போது ராக்கு ஏன் அலமாரிக்கு, டம்ளர் ஏன் கைக்கு என்று புரிந்துவிட்டது. கடைக்கு அலங்காரமாக இரண்டு பெரிய ராக்கு ஜாடியும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

வேளார்வீட்டு அக்கா, நேற்று உங்கள் ஓப்வாரா முயன்றேன். மாவு இரண்டாம் நாளே வாளியை விட்டு வழிந்தது. மீட்டர் 905 காட்டியபோது முதல் குடுவையை எடுத்து முக்கினேன். பொன்னிறம் வந்தது, இன்னும் கொஞ்சம் என்று நின்றேன், கறுத்துவிட்டது. இரண்டாவதை மூன்று எண்ணியதும் தண்ணீரில் போட்டேன். கழுத்தில் தேன் நிறம், வயிற்றில் சிறுத்தைப் புள்ளி, அடியில் உங்கள் அப்பா சுட்ட குதிரையின் சிவப்பு இருக்குமே, அந்தச் சிவப்பு. மீதி மாவு அரை வாளி இருக்கிறது. இதை இன்னும் எத்தனை நாள் வைத்து முக்கலாம்?

வேளார்வீட்டுப்பெண்:

ஒரு வாரம் தாங்கும் அக்கா. நாள் ஆக ஆகப் புள்ளி பெரிதாகும், நாலாம் நாள் மாவு எனக்குப் பிடிக்கும். வாளியை நிழலில் வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம்.